உதிரப்பட்டியும் கொடிநாள் உண்டியலும்

இராணுவ வீரனைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நம் மேடைகளில் தவறாமல் வந்து விழும் சொல் 'தியாகம்'. டிசம்பர் 7 கொடிநாளையொட்டி மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர்களுக்குத் தேநீர் விருந்து நடக்கும். பொன்னாடை போர்த்துவார்கள், பேசுகிற ஒவ்வொருவரும் அச்சொல்லை நாலைந்து முறையாவது உச்சரிப்பார்கள். கேட்பவர்களுக்கும் கண் கலங்கும். எனக்கோ அந்தச் சொல்லின் மேலேயே சந்தேகம். தியாகம் செய்தவனுக்கு யாரும் பாக்கி வைத்திருப்பதில்லை. அவன் கொடுத்தான், கணக்கு முடிந்தது. அதன் பிறகு அவனுக்குச் செய்வதெல்லாம் நன்றியின்பாற்பட்டது. மனம் இருந்தால் செய்யலாம், நிதி இருந்தால் செய்யலாம், தேர்தல் நெருங்கினால் கூடுதலாகச் செய்யலாம். ஓய்வூதியம் என்னும் கடனை நன்கொடையாக மாற்றிவிடும் இரசவாதத்தை இந்த ஒற்றைச் சொல் அறுபது எழுபது ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் செய்து வருகிறது என்பது என் துணிபு.

சட்டம் இதை வேறுவிதமாகத்தான் பார்த்திருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வூதியம் அரசின் தயவோ வெகுமதியோ அன்று, செய்து முடித்த வேலைக்கான ஊதியத்தின் ஒரு பகுதி என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. வழக்குத் தொடுத்த நகாரா பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரும் உடன் மனுதாரர். அந்த நாளை இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பத்து நாள் முன்னால் வரும் கொடிநாள் நன்கொடையின் நாள், பின்னால் வருவது உரிமையின் நாள். இரண்டில் எதை அரசு விழாவாக எடுக்கிறது என்று பாருங்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நம் மரபை நாம் படித்த விதத்திலேயே இந்தக் கோளாறு இருக்கிறது என்பேன். தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் துறைகள் வகுத்ததை மனப்பாடமாகச் சொல்வோம். செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. நெல்லைச் சீமையில் கல்லைவிடப் பீடம்தான் அதிகம். அடிதடியில் செத்தவனும் சண்டையில் செத்தவனும் மாடனாகி ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் நிற்கிறார்கள். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 'கான்சாகிபு சண்டை'யையும் கட்டபொம்மு கதைப்பாடலையும் பதிப்பித்துத் தந்தபோது, இந்த மண்ணின் படைவீரர் நினைவு முழுவதும் நம் கைக்கு வந்துவிட்டதாக எண்ணினோம்.

வராமல் போனது உதிரப்பட்டி. போரில் பட்டவனின் வாரிசுகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்துக்கு அந்தப் பெயர். இரத்தக்காணிக்கை என்றும் வழங்கியிருக்கிறது. மன்னர்கள் கருணைக்கடல்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால், விழுந்தவன் வீடு பட்டினி கிடக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கணக்கு என்றாவது ஒன்று இருந்தது. கல் நட்டவர்களுக்குக் கல் மட்டும் போதாது என்று தெரிந்திருந்தது. நாம் கல்லைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினோம், நிலத்தைப் பற்றி அடிக்குறிப்பு எழுதினோம். அரசும் அதையேதான் செய்கிறது.

பெயர் சூட்டுவதில் நமக்குக் குறையே கிடையாது. நாங்குநேரிக்குத் தெற்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் தொலைத்தொடர்பு நிலையம் இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கான மிகத் தாழ்ந்த அலைவரிசை நிலையம். 1990-இல் தொடங்கப்பட்டபோது அதற்கு ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயரிட்டார்கள். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவருக்கு இது பொருத்தமான மரியாதை என்பதில் மறுப்பில்லை. செலவும் இல்லாத மரியாதை.

இனி, உயிரோடிருப்பவர்களின் பெயருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நெல்லைப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர், மனைவி பெயர் இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்க்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும்; குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. படிவமோ முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் காத்திருக்கிறது. தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் தகப்பனார் பெயர் இறுதிப்பெயராகும். அடுத்த படிவத்தில் அதுவே முதற்பெயராகும். இசக்கியம்மாளின் பெயரை ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் தொடங்குவதா 'ஈ' எழுத்தில் தொடங்குவதா என்பதை எங்கோ வடக்கே ஒரு பிரிவின் எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி தீர்மானித்திருப்பார். அம்மாள் ஒட்டுமா பிரியுமா என்பது வேறு சங்கதி. சிப்பாயின் குடும்ப விவரங்களில் எந்த மாற்றம் வந்தாலும் அவர் பணியாற்றும் பிரிவு 'பகுதி இரண்டு ஆணை' என்ற ஒன்றை வெளியிட்டால்தான் பதிவேட்டில் ஏறும். அப்படி ஏறிய பெயர் ஒன்று, ஆதார் அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று.

கணவர் இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. அவர் கண்ணை மூடிய பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான், பதிவேட்டில் இருக்கும் மனைவி வேறொருத்தி என்று தெரியவரும். அப்போது அந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கலாம். கணவர் சென்னை ரெஜிமெண்ட்காரர் என்றால் பதிவேடு வெலிங்டனில். சென்னை சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூரில். பீரங்கிப் படை என்றால் நாசிக்கில். ஓய்வூதியக் கணக்குத் தலைமையகம் அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில். முன்பெல்லாம் ஊர் வங்கிக் கிளை மேலாளரிடமாவது போய் நிற்க முடிந்தது. 2021-இல் வந்த 'ஸ்பர்ஷ்' என்ற இணையவழி ஏற்பாட்டுக்குப் பிறகு, வாழ்நாள் சான்று முதல் குறை முறையீடுவரை எல்லாம் அதன் வழியேதான். ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. பல இலட்சம் பேருக்கு ஒரே இடத்திலிருந்து பணம் போவது நல்லதே. பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதுதான் என் கேள்வி. ஆளை எடுத்ததும் அரசு, பெயரை எழுதியதும் அரசு, பதிவேட்டை வைத்திருப்பதும் அரசு. பிழையைத் திருத்த நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு கொக்கிரகுளத்துக்கு அலைய வேண்டியது மட்டும் இசக்கியம்மாள். சிப்பாய் பணியிலிருந்து விடுபடும் நாளுக்கு ஓராண்டு முன்பே, அவருடைய பதிவேட்டு நகல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வந்து, வருவாய்த்துறை அதைக் குடும்பத்தோடு ஒப்பிட்டு, தமிழ்ப் பெயரைத் தமிழிலும் எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதற்கு ஓர் அரசாணை போதும். நினைவுத்தூண் எழுப்புவதைவிடச் செலவு குறைவு. ஒருவேளை திறப்புவிழா வைக்க முடியாததுதான் இதிலுள்ள குறையோ என்னவோ.

ஓய்வூதியத் தொகையின் கதை இன்னும் நீளமானது, சுருக்கமாகவே சொல்கிறேன். சிப்பாய் மற்ற அரசு ஊழியரைப்போல் அறுபது வயதுவரை வேலை பார்ப்பதில்லை. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயது அது. இந்த இழப்பை ஈடுசெய்யத்தான் படையினருக்கென்று தனி ஓய்வூதிய முறை இருந்தது. மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டி 1973-இல் அதை எடுத்துவிட்டுக் குடிமைப் பணியாளரின் முறையோடு சேர்த்தார்கள். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கை அங்கிருந்து தொடங்குகிறது. 2015 ஜூனில் கிழவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் பந்தல் போட்டு உட்கார்ந்த பிறகு, அவ்வாண்டு நவம்பர் 7-இல் ஆணை வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுசீரமைப்பு என்றார்கள். 2019 ஜூலையில் வரவேண்டிய முதல் மறுசீரமைப்புக்கு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் நிலுவையைக் கொடு என்றது நீதிமன்றம். தவணை மேல் தவணை கேட்டு, கடைசியில் 2023 ஜனவரியில் அமைச்சகம் தானாகவே ஒரு கடிதம் போட்டு நான்கு தவணைகளில் தருவதாக அறிவித்துக்கொண்டது. நீதிமன்றம் கண்டித்து அக்கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்தது. மார்ச் 20 அன்று, எழுபது வயது கடந்தவர்களுக்கு ஜூனுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று கால அட்டவணை போட்டுக்கொடுத்தது. எல்லையில் நின்றவனுக்குச் சேரவேண்டியதைக் கடன்காரனிடம் வசூலிப்பதுபோல் வசூலிக்க வேண்டியிருந்தது. பொன்னாடைகள் அந்த ஆண்டிலும் போர்த்தப்பட்டன.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 6.81 இலட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் 1.6 இலட்சம் கோடி. சிறிய தொகை அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தொகையில் பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணியாளர்களின் ஓய்வூதியமும் அடங்கும் என்பதைப் புலம்புகிறவர்கள் சொல்வதில்லை. ஊதியத்தில் ஒரு பகுதியைப் பின்னால் தருகிறேன் என்று வேலை வாங்கிக்கொண்டவர், பின்னால் வந்தபோது சுமை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சுமையிலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் 2022 ஜூனில் அக்னிபாத் வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன். நான்கு ஆண்டுப் பணி. நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை தொடரலாம். மற்றவர்கள் வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வட்டி நீங்கலான தொகையில் பாதி, மாதந்தோறும் அவர்கள் சம்பளத்திலேயே பிடித்தது. ஓய்வூதியம் கிடையாது, மருத்துவத் திட்டம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது. 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு நான்கு ஆண்டு நிறைவது 2027 தொடக்கத்தில்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதுதான் வேதனை. இரண்டாம் உலகப்போருக்கு இருபத்தைந்து இலட்சம் பேர்வரை திரட்டப்பட்ட இந்தியப் படையில் சென்னை மாகாணத்தவர் பெருந்தொகையினர். ஆற்றுப்பாசனத்தில் மூன்று போகம் கண்ட வீடுகளைவிட, வானம் பார்த்த பூமியிலிருந்து போனவர்களே அதிகமிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். போர் முடிந்ததும் அவர்களைக் கலைத்துவிட்டார்கள். நாலைந்து வருடம்தான் பணி, பதினைந்து வருடம் இல்லை. ஆகவே ஓய்வூதியம் இல்லை. பர்மாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் நின்றுவிட்டு வந்தவர்கள் பழையபடி பனங்காட்டுக்கும் கூலிக்கும் திரும்பினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, அவர்கள் தொண்டு கிழமான பிறகு, ஓய்வூதியமில்லாத உலகப்போர் வீரர்களுக்கும் அவர்தம் விதவையருக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை ஏற்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள்: உதவித்தொகை. நான்காண்டுச் சிப்பாய் என்ற வகையை அன்று ஆங்கிலேயன் போரின் நெருக்கடியில் உண்டாக்கினான். நாம் நிதானமாக அமர்ந்து திட்டம் போட்டு உண்டாக்கியிருக்கிறோம்.

சிப்பாய் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பது அடுத்த சிக்கல். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மாண்ட நாற்பது பேரில் கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரி இளைஞர் ஒருவர் இருந்தார். 2020 மே மாதம் ஹந்த்வாராவில் மாண்டவர்களில் செங்கோட்டைக்கு அருகிலுள்ள மூன்றுவாய்க்கால் கிராமத்தவர் ஒருவர். அமைச்சர்கள் வந்தார்கள், குண்டுகள் முழங்கின, அரசு நிதியும் அளிக்கப்பட்டது. இருவருமே மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். அவர்களோடு அதே சாலையில் நின்று, உயிரோடு ஓய்வுபெற்று ஊருக்கு வரும் தோழர் ஒருவரை எண்ணிப்பாருங்கள். சட்டப்படி அவர் முன்னாள் படைவீரர் அல்லர். இராணுவத்தினருக்கு 2003-இல் ஏற்பட்ட மருத்துவத் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. 2004-க்குப் பிறகு சேர்ந்தவராயின் பழைய ஓய்வூதியமும் இல்லை. 2012 நவம்பரில் உள்துறை அமைச்சகம் இவர்களுக்கு 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்' என்றொரு பெயரை வழங்கி, சலுகை தருமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மீண்டும் பெயர்! 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம், இவர்களும் ஒன்றியத்தின் ஆயுதப் படையினரே, பழைய ஓய்வூதியம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. சவப்பெட்டியில் வந்தால் சிப்பாய், கால்நடையாக வந்தால் போலீஸ்காரர்.

இத்தனைக்கும் நம் சிற்றிதழ் உலகம் வாய் திறக்காததற்கு ஒரு காரணம் உண்டு. இராணுவத்தைப் பற்றிப் பேசினால் தேசவெறியர் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்ற அச்சம். அதைவிட ஆழமான காரணம் ஈழம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் மாண்டனர். 1987 அக்டோபரில் யாழ் மருத்துவமனையிலும், 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அப்படை செய்த கொலைகளை மறப்பதற்கில்லை, மறக்கவும் கூடாது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்குக் கப்பலில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று அது தமிழ்நாட்டின் பொது மனநிலைக்கு மாறானதன்று. அவருடைய முடிவைச் சரியென்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்தக் கப்பலில் வந்தவர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்டுப் போருக்கு அனுப்பவில்லை. காலை இழந்தவர் இழந்தார். அவருடைய இயலாமை ஓய்வூதியம் நம் மரியாதையைச் சார்ந்து நிற்குமானால் அவர் கதி என்ன? இந்த இடத்தில்தான் மரியாதை என்னும் அடித்தளம் எவ்வளவு புதைமணல் என்பது தெரிகிறது. மரியாதை போரைப் பொறுத்தது. ஊர் மெச்சிய போர் என்றால் கிடைக்கும், ஊர் வெறுத்த போர் என்றால் கிடைக்காது. கூலிப் பாக்கி போரைப் பொறுத்ததன்று. யுத்தத்தை எதிர்ப்பவரும், குற்றம் இழைத்தவர்கள் மேல் விசாரணை வேண்டும் என்பவரும், முடமானவனின் ஓய்வூதியத்துக்காக ஒரே மூச்சில் வாதாட முடியும். சொல்லப்போனால் போரை எதிர்ப்பவர்தான் அதிகம் வாதாட வேண்டும். சிப்பாயைத் தெய்வமாக்குகிறவர்களுக்கு அடுத்த போர் மலிவாகத் தெரிகிறது. தெய்வத்துக்குப் படையல் போதும், சம்பளம் வேண்டாம். அவனுக்குச் சேரவேண்டிய அத்தனையையும் கணக்குப் பார்த்துக் கொடுத்தாக வேண்டிய அரசு, சண்டைக்குப் போகுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும்.

இயலாமை ஓய்வூதியத்தில் அரசு நடந்துகொள்ளும் முறையையும் சொல்லாமல் விட முடியவில்லை. உடல் தகுதி பார்த்துத்தானே படையில் சேர்க்கிறீர்கள், பணியில் இருக்கும்போது வந்த நோய் பணியால் வந்ததன்று என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்களே என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பின்னும் ஆயுதப் படைத் தீர்ப்பாயங்களில் சிப்பாய் வென்ற வழக்குகளை எதிர்த்து அரசு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. சிப்பாயின் வழக்கறிஞர் கட்டணம் அவருடைய ஓய்வூதியத்திலிருந்து. அரசின் வழக்கறிஞர் கட்டணம் நம் வரியிலிருந்து.

மறுபடியும் கொடிநாளுக்கு வருகிறேன். 1949 முதல் நடக்கும் வசூல் இது. மாவட்டத்துக்கு இலக்கு, துறைக்கு இலக்கு. பள்ளிப் பிள்ளைகள் கையில் உண்டியல். கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கான உதவி என்று அந்தப் பணம் போகிறது. பிள்ளைகள் காசு போடுவதில் தவறில்லை. ஆனால் உலகின் மிகப்பெரிய படைகளில் ஒன்றை வைத்திருக்கும் அரசு, அதிலிருந்து வெளிவந்தவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்க உண்டியல் குலுக்குவது எனக்கு நாணமாக இருக்கிறது. அதே அரசு தன் கையிலுள்ள வேலையை எப்படிக் கொடுத்தது? மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு என்பது விதி. பாதுகாப்பு அமைச்சகத்தின் மீள்குடியமர்வுத் தலைமை இயக்ககம் 2021 ஜூனில் எடுத்த கணக்கின்படி, விவரம் தந்த துறைகளில் உண்மையில் இருந்தவர்கள் 1.29 சதவீதம். ஏறத்தாழப் பாதித் துறைகள்தான் விவரமே தந்திருந்தன. மீதிப்பேர் கையில் துப்பாக்கி பிடித்த அனுபவத்தோடு வங்கி வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் சீருடை மாற்றி நிற்கிறார்கள். கொடிநாள் இலக்கை எட்டாத துறைக்கு நினைவூட்டுக் கடிதம் போகிறது. இந்த 10 சதவீதத்தை எட்டாத அமைச்சகங்களுக்கு அப்படியொரு கடிதத்தை யார் அனுப்புவது?